கேபிள் போட்டால் மட்டும் போதாது

இந்தியாவின் முதல் மின்சார ரெயில் 1925-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி பம்பாயில் ஓடியது. விக்டோரியா டெர்மினசில் (இன்றைய சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) புறப்பட்டு குர்லா வரை சென்றது. அதே நகரத்தின் கேட்வே ஆப் இந்தியா படகுத்துறையிலிருந்து சுமார் 10 கி.மீ. தூரத்தில் இருக்கிறது எலிபெண்டா தீவு. அந்தத் தீவுக்குக் கரையிலிருந்து மின்சாரம் போய்ச் சேர்ந்தது 2018-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி. இடையில் 93 ஆண்டுகள் ஓடிவிட்டன.

மும்பைத் தமிழர்களுக்கு எலிபெண்டா புதிய இடம் அல்ல. ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் குடும்பத்தோடு லாஞ்சு ஏறிப் போய் வரும் இடம் அது. பாறையைக் குடைந்து செய்த குகைக் கோயிலையும், சுமார் 20 அடி உயரத்தில் மூன்று முகங்களோடு விளங்கும் சதாசிவ மூர்த்தியையும் கண்டு வியக்காதவர் இல்லை. 1987-ல் யுனெஸ்கோ அந்தக் குகைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பேர் அங்கே போகிறார்கள்.

ஆனால் போகிறவர்கள் எல்லோரும் மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். பயணிகள் இரவில் தங்க அங்கே அனுமதி இல்லை. ஆகவே அந்தத் தீவின் இரவு எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. பகலில் வந்து போகிற லட்சம் பேருக்குத் தெரியாத அந்த இருட்டு, அங்கேயே குடியிருக்கும் ஆயிரம் பேருக்கு மட்டும் சொந்தமாக இருந்தது.

ராஜபந்தர், மோராபந்தர், ஷேத்பந்தர் என்று அங்கே மூன்று கிராமங்கள். ராய்காட் மாவட்டம், உரண் தாலுகாவைச் சேர்ந்த கராபுரி ஊராட்சி என்பது அவற்றின் அரசாங்க முகவரி. கேபிள் வருவதற்கு முன்பு இந்தக் கிராமங்களுக்கு டீசல் ஜெனரேட்டர்தான் கதி. மாலை 7 மணிக்கு விளக்கு எரியும், 10 மணிக்கு அணைந்துவிடும். அதற்குப் பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், கர்ப்பிணிக்கு வலி எடுத்தாலும், வாசலில் பாம்பு வந்தாலும் கைவிளக்குதான் துணை.

இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், அந்தத் தீவைச் சுற்றி மின்சாரத்துக்குப் பஞ்சமே இல்லை. எதிர்க்கரையில் டிராம்பே அனல்மின் நிலையம். அதன் அருகிலேயே 1956-ல் நாட்டின் முதல் அணு உலையான அப்சரா இயங்கத் தொடங்கியது. மறு பக்கம் உரணில் எரிவாயு மின்நிலையம். 1989-ல் திறக்கப்பட்ட ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் இரவும் பகல்தான். நாலா பக்கமும் வெளிச்சம், நடுவில் மட்டும் இருட்டு என்று 70 ஆண்டு சுதந்திர இந்தியா அந்தத் தீவை வைத்திருந்தது.

கடைசியில் மராட்டிய மாநில மின் விநியோக நிறுவனமான மகாவிதரண் அந்தக் குறையைத் தீர்த்தது. கடலுக்கு அடியில் 7.5 கி.மீ. தூரம் கேபிள் போட்டார்கள். சுமார் 15 மாத வேலை, 25 கோடி ரூபாய் செலவு. கிராமத்துக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்து, ஏறத்தாழ 200 வீடுகளுக்கு மீட்டர் பொருத்தினார்கள். தாமதமாக வந்தாலும் அது நல்ல காரியம். அதைச் செய்தவர்கள் பாராட்டுக்கு உரியவர்கள்.

ஏன் இத்தனை தாமதம் என்ற கேள்விக்கு விடை கணக்கில் இருக்கிறது. 25 கோடி ரூபாயை 200 வீட்டுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு பன்னிரண்டரை லட்சம் ரூபாய் ஆகிறது. நாலு விளக்கும் இரண்டு மின்விசிறியும் ஓடுகிற வீட்டின் மாதக் கட்டணத்தை வைத்து இந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க எத்தனை தலைமுறை ஆகும் என்று எந்த அதிகாரியும் கேட்கத்தான் செய்வார். அந்தக் கேள்வியில் பிழை இல்லை. ஆனால் கணக்கு அத்துடன் முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் பிழை.

மும்பையின் சிவ்ரியையும் நவா சேவாவையும் இணைக்கும் 21.8 கி.மீ. நீள அடல் சேது பாலம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்குச் செலவு 17,840 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. அதே வளைகுடாவில் ஒரு தீவுக்கு விளக்கேற்ற ஆன செலவு அதில் ஏழுநூற்றில் ஒரு பங்குதான். காரில் போகிறவருக்குப் பாலம் வேண்டும், மறுப்பதற்கில்லை. அதே நீதி, அந்த வளைகுடாவின் நடுவே குடியிருப்பவருக்கும் உண்டு அல்லவா?

கடலடி கேபிள் என்பது வீட்டுக்கு இழுக்கும் கம்பி போன்றது அல்ல. நடுவில் மின்சாரம் ஓடும் செம்பு அல்லது அலுமினியக் கம்பி. அதைச் சுற்றி மின்சாரம் கசியாமல் காக்கும் உறை. அதன் மேல் தண்ணீர் புகாமல் தடுக்கும் உலோக உறை. எல்லாவற்றுக்கும் மேலே இரும்புக் கம்பிகளை முறுக்கிச் சுற்றிய கவசம். போடுவதற்கு முன்பு கடல் தரையை ஒலி அலை செலுத்தி அளக்கிறார்கள். எங்கே பாறை, எங்கே சேறு, கப்பல் எந்த வழியாகப் போகிறது, எங்கே நங்கூரம் போடுகிறது, நீரோட்டம் மண்ணை எங்கே அரித்துக்கொண்டு போகிறது என்பதையெல்லாம் பார்த்து வழி குறிக்கிறார்கள். பிறகு படகிலிருந்து கேபிளை இறக்கி, முடிந்த இடங்களில் தரையைத் தோண்டிப் புதைக்கிறார்கள்.

தூரம் அதிகமானால் இன்னொரு சிக்கல் வருகிறது. வீட்டுக்கு வரும் மாறுமின்சாரம் விநாடிக்கு 50 சுற்று வீதம் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. நீண்ட கேபிளோ தொட்டி மாதிரி ஒவ்வொரு முறையும் நிரம்பி வடிகிறது. நீளம் கூடக்கூட, அனுப்பும் மின்சாரத்தில் பெரும்பங்கு கேபிளை நிரப்பவே போய்விடும். அதனால் தொலைதூரத் தீவுகளுக்கு நேர்மின்சாரமாக மாற்றி அனுப்புகிறார்கள். சுவீடன் நாடு 1954-ல் தன் காட்லாந்து தீவுக்கு ஏறத்தாழ 100 கி.மீ. தூரம் இப்படித்தான் 20 மெகாவாட் மின்சாரம் கொண்டுபோய் உலகுக்கு வழிகாட்டியது. எலிபெண்டாவின் 7.5 கி.மீ. தூரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. சாதாரண மாறுமின்சாரமே போதும்.

அந்தமான் வரைக்கும் இப்படி மின்சாரம் கொண்டுபோகக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கி.மீ. நீளத்தில் தகவல் தொடர்பு கேபிள் போடப்பட்டு 2020 ஆகஸ்டு 10-ந் தேதி தொடங்கி வைக்கப்பட்டது உண்மை. ஆனால் அது ஒளியில் செய்தி கொண்டுபோகும் கண்ணாடி இழை. மின்சாரம் கொண்டுபோவது வேறு விஷயம். இங்கிலாந்துக்கும் டென்மார்க்குக்கும் இடையே 2023 முடிவில் இயங்கத் தொடங்கிய மின் இணைப்பு சுமார் 765 கி.மீ. நீளம். இத்தகைய இணைப்புகளில் மிக நீளமானவற்றில் ஒன்று அது. அதைவிட வெகு தூரத்தில் இருக்கும் அந்தமானுக்கு அங்கேயே மின்சாரம் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். நெய்வேலி நிறுவனம் அங்கே 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை பேட்டரிகளுடன் அமைத்தது அந்த வழியில் ஒரு நல்ல அடி.

ஆகவே கேபிள் எல்லாத் தீவுக்கும் மருந்து அல்ல. கரைக்கு அருகில் இருக்கும் தீவுகளுக்கு அது நல்ல மருந்து. ஆனால் அந்த மருந்துக்கும் பத்தியம் உண்டு.

2015-ல் மால்டா நாடு இத்தாலியின் சிசிலியிலிருந்து கடலடி கேபிள் மூலம் மின்சாரம் பெறத் தொடங்கியது. 2019-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி நாடு முழுவதும் இருண்டது. புயலில் ஒரு கப்பலின் நங்கூரம் கேபிளைச் சேதப்படுத்தியிருந்தது. கேபிளைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆயிற்று. ஆனால் உள்ளூர் மின்நிலையங்களை மால்டா வைத்திருந்ததால் மக்கள் அத்தனை மாதமும் இருட்டில் கிடக்கவில்லை. அதேபோல 2024 டிசம்பர் 25-ந் தேதி பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் இடையே உள்ள எஸ்ட்லிங்க் 2 கேபிள் ஒரு கப்பல் நங்கூரத்தை இழுத்துச் சென்றதில் அறுந்தது. அது மீண்டும் இயங்கியது 2025 ஜூன் மாதத்தில். பணமும் கப்பலும் நிபுணர்களும் உள்ள நாடுகளிலேயே ஆறு மாதம்!

மும்பைத் துறைமுகப் பகுதி இவற்றைவிட நெருக்கடியானது. நாட்டின் பெரிய கன்டெய்னர் துறைமுகங்களில் ஒன்று எலிபெண்டாவின் பக்கத்தில்தான் இருக்கிறது. பெரிய கப்பல்கள், எண்ணெய்க் கப்பல்கள், கடற்படைப் படகுகள், சுற்றுலா லாஞ்சுகள், மீன்பிடி படகுகள் எல்லாம் அதே தண்ணீரில்தான் போக வேண்டும். கப்பல் வழியை ஆழப்படுத்தச் சேற்றைத் தோண்டி அள்ளும் வேலையும் நடக்கிறது. பெரிய ஓதம் வரும் நாட்களில் நீர்மட்டம் சுமார் 5 மீட்டர் ஏறி இறங்குகிறது. இன்று புதைந்திருக்கும் கேபிள் நாளை வெளியே தெரியலாம். நங்கூரம் போடுகிறவர் வேண்டுமென்று போட வேண்டியதில்லை. காற்றடிக்கும் இரவில் ஒரு கவனப் பிசகு போதும்.

ரெயில்வேயில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. தண்டவாளம் போட்டுத் திறப்பு விழா நடத்தியதும் வேலை முடிந்துவிட்டது என்று ரெயில்வே நினைப்பதில்லை. அன்றைக்குத்தான் வேலை ஆரம்பம். கீமேன் ஒருவர் தோளில் சுத்தியலோடு தினமும் தன் பகுதியை நடந்து பார்க்கிறார். மழைக்காலத்தில் இரவு ரோந்து தனி. தண்டவாளம் உடைந்தால் மாற்றுத் தண்டவாளம் பக்கத்திலேயே கிடக்கிறது. வண்டி கவிழ்ந்தால் விபத்து உதவி ரெயில் எந்த ஷெட்டில் தயாராக நிற்கிறது, எத்தனை நிமிடத்தில் புறப்பட வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தண்டவாளத்துக்கே இவ்வளவு காவல் என்றால், கண்ணுக்குத் தெரியாமல் சேற்றுக்குள் கிடக்கும் கேபிளுக்கு எவ்வளவு காவல் வேண்டும்?

தீவுக்குக் கேபிள் போடத் திட்டம் தீட்டும்போதே நான்கு கேள்விகளுக்கு விடை எழுதி வைக்க வேண்டும்.

முதல் கேள்வி: காவல் யார்? கேபிள் போகும் வழியைக் கடல் வரைபடத்தில் குறித்து, நங்கூரம் போடக் கூடாத பகுதி என்று அறிவித்தால் மட்டும் போதாது. மிதவை அடையாளம் வேண்டும், ரோந்து வேண்டும், மீறுகிறவருக்குத் தண்டனை வேண்டும். மின் நிறுவனத்துக்குக் கடலில் அதிகாரம் இல்லை, துறைமுகத்துக்கு மின்சாரத்தில் பொறுப்பு இல்லை என்று ஆளுக்கொரு பக்கம் கைகாட்டினால், இருட்டில் இருப்பது தீவுக்காரர்தான். ஆகவே மின் நிறுவனமும் துறைமுகங்களும் ஊராட்சியும் ஒரே மேஜையில் உட்காரும் ஓர் ஏற்பாடு கட்டாயம்.

இரண்டாவது கேள்வி: அறுந்தால் எத்தனை நாளில் சரிசெய்வது? அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து, இரண்டு முனைகளையும் மேலே தூக்கி, மழை படாமல் மூடி, புதுத் துண்டை இணைத்து மறுபடி இறக்க வேண்டும். இதற்கு மாற்றுக் கேபிள் துண்டு கையிருப்பில் வேண்டும். இணைப்புப் போடத் தெரிந்த ஆட்களோடு முன்கூட்டியே ஒப்பந்தம் வேண்டும். அறுந்த பிறகு டெண்டர் விடுவது, வீடு பற்றிய பிறகு கிணறு வெட்டுவது. கொங்கண் கடற்கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும் காலம். வேலைப் படகைக் கடலில் அசையாமல் நிறுத்துவது கடினம். ஜூனில் அறுந்தால் மழைக்காலம் முழுவதும் தீவு காத்திருக்க நேரிடும். 2020 ஜூன் 3-ந் தேதி நிசர்கா புயல் அலிபாக் அருகே கரையைக் கடந்தபோது ராய்காட் மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. தரையில் சாய்ந்த மின்கம்பத்தையாவது லைன்மேன் போய் நிமிர்த்தலாம். கடலுக்குள் இருப்பதை யார் போய் நிமிர்த்துவது?

மூன்றாவது கேள்வி: அதுவரைக்கும் வெளிச்சம் எது? கேபிள் வந்துவிட்டது என்று ஜெனரேட்டரைப் பழைய இரும்புக்கு எடைபோடுவது அறிவீனம். மால்டாவைக் காப்பாற்றியது உள்ளூர் மின்நிலையமே. எலிபெண்டா போன்ற சிறு தீவில் சூரிய மின்தகடும் பேட்டரியும் இன்று எட்டாத காரியம் அல்ல. தெருவிளக்கு, குடிநீர் மோட்டார், மருந்து வைக்கும் குளிர்பெட்டி, பள்ளிக்கூடம் ஆகிய நான்கும் ஓடும் அளவுக்கு இருந்தால் போதும். கேபிளைத் திட்டமிடும் அதே கோப்பில் இதுவும் இருக்க வேண்டும்.

நான்காவது கேள்வி: பணம் யார் தருவது? போடுவதற்கு அரசு பணம் தரும், திறந்து வைக்க மந்திரி வருவார். பராமரிப்புக்கு அப்படி யாரும் வருவதில்லை. இருநூறு வீட்டு மீட்டரை நம்பிக் கடலடி கேபிளைப் பராமரிக்க முடியாது. அதே நேரத்தில் குகையைப் பார்க்க வருகிறவர்கள் லட்சக்கணக்கில் நுழைவுச்சீட்டு வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கேபிள் பராமரிப்புக்கென்று தனியாக ஒதுக்கினால் யாருக்கும் பாரம் தெரியாது. பக்கத்தில் வந்து போகும் கப்பல்களிடம் துறைமுகங்கள் வாங்கும் கட்டணத்திலும் ஒரு பங்கு கேட்பது நியாயமே.

இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதும்போது மறக்கக்கூடாதவர் ஒருவர் உண்டு. அவர் மீனவர். கேபிள்களுக்கு வரும் சேதங்களில் பெரும்பாலானவை நங்கூரத்தாலும் மீன்பிடி வலைகளாலும் வருபவை. அதற்காக, கேபிள் போன வழியெல்லாம் மீன்பிடிக்கக் கூடாது என்று ஓர் உத்தரவைப் போட்டுவிட்டு அதிகாரிகள் கரைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அந்த வழிதான் ஒரு குடும்பத்தின் சோற்றுப்பானை. தீவுக்காரன் வீட்டில் விளக்கு எரிவதற்காகக் கரைக்காரன் வீட்டில் அடுப்பு அணையக் கூடாது. வழியைக் குறிப்பதற்கு முன்பே மீனவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். எந்த இடத்தில் எந்த மாதத்தில் எந்த வலை விழும் என்பது எந்தக் கருவியையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இழப்பு தவிர்க்க முடியாதது என்றால் ஈடு கொடுக்க வேண்டும். அப்படி மதித்து நடத்தினால் அந்த மீனவரே கேபிளின் முதல் காவலாளி ஆவார்.

இவையெல்லாம் ஒரு சிறு தீவுக்காக மட்டும் சொல்லப்படுபவை அல்ல. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மின் இணைப்பு ஏற்படுத்த இரு நாடுகளும் 2025 ஏப்ரலில் உடன்பாடு செய்துகொண்டன. பல ஆண்டுகளாகப் பேச்சில் இருந்த திட்டம் அது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். அங்கே இழுவலைப் படகுகள் அதிகம், இரு கரை மீனவர்களுக்கும் இடையே தீராத வழக்கும் அதிகம். எலிபெண்டாவின் ஏழரை கி.மீ. கேட்கும் நான்கு கேள்விகளையும் அந்தக் கடல் பத்து மடங்கு உரத்த குரலில் கேட்கும். ராமேசுவரம் மீனவரைக் கேட்காமல் டெல்லியிலும் கொழும்பிலும் வரைபடத்தில் கோடு போட்டால், அந்தக் கோடு முதலில் அறுப்பது அவருடைய வலையைத்தான்.

தீவில் குடியிருப்பவன் தனிச் சலுகை எதுவும் கேட்கவில்லை. கரையில் இருப்பவன் சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரியும் என்று நம்புகிறானே, அந்த நம்பிக்கையைத்தான் கேட்கிறான். 2018-ல் எலிபெண்டாவுக்குக் கிடைத்தது மின்சாரம். அது அடுத்த மழையிலும், அடுத்த புயலிலும், தவறிப்போய் ஒரு நங்கூரம் விழுந்த பிறகும் கிடைக்கும் என்ற உறுதியைத் தருவதுதான் இனி அரசின் கடமை. கேபிளுக்கு 25 கோடி செலவு செய்ய முடிந்த அரசுக்கு, அதன் காவலுக்கும் பழுதுபார்ப்புக்கும் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை எழுதி வைப்பது பெரிய காரியம் அல்ல. மராட்டிய அரசு இதைச் செய்து காட்டினால், இனி கேபிள் போட நினைக்கும் ஒவ்வொரு தீவுக்கும் அது முன்மாதிரியாகும்.